சாக்பீஸ் எண்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய வீடுகளைக் காப்பாற்றியவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். டெபோரா தியாகராஜனுக்கு அதில் நான்கே வரிகள். மனசு ஆறவில்லை, எழுதுகிறேன்.

அமெரிக்காவில் பிறந்து, தமிழ்க் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டுச் சென்னைக்கு வந்தவர் அவர். 1984-ல் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து நட்டுவைத்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தின் கதவு திறந்தது 1996 டிசம்பரில். நடுவே பன்னிரண்டு வருஷம். அந்தப் பன்னிரண்டு வருஷத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பணம் திரட்ட வேண்டும், இடம் கிடைக்க வேண்டும், இடிபடப்போகிற வீடு எந்த ஊரில் இருக்கிறது என்று தேடிப்போக வேண்டும். வளாகத்தை வடிவமைத்துக் கொடுத்தவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். உடன் நின்று கட்டியவர் இன்னொரு கட்டடக் கலைஞர் பென்னி குரியாகோஸ்.

அங்கே கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு ஒன்று இருக்கிறது. முழுக்க மரம். அதன் சுவர்ப்பலகையைத் தொட்டுப் பார்த்தால் எந்தப் பலகை எதில் செருகியிருக்கிறது என்பது விரலுக்கே தெரியும். இப்படிப்பட்ட வீட்டைப் பிரிக்கும்போது ஒவ்வொரு உத்தரத்துக்கும் எண் போடுவார்கள். எந்த எண் எதன்மேல் உட்கார வேண்டும் என்று தெரிந்த தச்சர் இருந்தால்தான் மறுபடி நிற்கும். வீட்டோடு சேர்த்து அந்தக் கைகளையும் தேடிப் பிடித்தார்கள் என்பதே இவர்கள் செய்த காரியத்தின் உயிர்.

எங்கள் வீட்டுக்கும் எண் போட்டார்கள். காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஐயா காலத்து வீடு. பதினோரு புள்ளிக்கு, அதாவது பதினோரு குடும்பத்துக்கு, அதில் பங்கு. மழைக்காலம் வந்தால் ஓடு மாற்ற யார் பணம் கொடுப்பது என்பதிலேயே வருஷங்கள் ஓடின. கடைசியில் 2003-ல் மர வியாபாரியிடம் பேசி முடித்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பட்டாலைத் (கூடத்துத்) தூண்களில் சாக்பீஸால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியிருந்தது. விலைக்கான எண்கள். அப்பத்தா வெள்ளி செவ்வாய்க்கு மஞ்சள் பூசிய வாசல் நிலைச்சட்டத்தில் ஏழு என்று போட்டிருந்தது. அவர் தினமும் கை வைத்து நின்ற இடம் மட்டும் வழுவழுவென்று கறுத்திருந்தது. அப்பச்சி, என் தகப்பனார், திண்ணையை விட்டு உள்ளே வரவே இல்லை.

யாரையும் குறை சொல்லவில்லை. பங்காளிகள் அத்தனை பேருக்கும் அவரவர் கஷ்டம் இருந்தது. அந்த நேரத்தில் வழி சொல்ல ஒரு ஆள் இல்லை, அதுதான் என் வருத்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மரவீட்டைப் பெயர்த்து நடலாம். சுண்ணாம்பும் செங்கல்லுமாகக் கட்டிய வீட்டில் தூண், நிலை, கதவு வரும், சுவர் வராது. நம் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் ஜார்ஜ் டவுனிலும் மிச்சமிருப்பவை பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான். தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையை எந்த லாரியிலும் ஏற்ற முடியாது. அவை நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். கூரை ஒழுகினால் கொத்தனார் சிமெண்ட்டைப் பூசிவிட்டுப் போகிறார். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் அடுத்த சில மழையில் பழைய பூச்சு கட்டி கட்டியாக விழுகிறது. பிறகு "வீடு தாங்காது, இடித்துவிடுங்கள்" என்ற பேச்சு.

பாரம்பரியக் கட்டடங்களைக் காக்க 2012-லேயே நம் சட்டமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. அதை வைத்து, குடியிருப்பவர்களுக்குப் பழுதுபார்க்கக் குறைந்த வட்டிக் கடன் கொடுக்கலாம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களின் பட்டியலை மண்டல வாரியாக வெளியிடலாம். தெருவில் நாலு வீட்டுக்காரர்களாவது இடிக்கும் எண்ணத்தைத் தள்ளிப்போடுவார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இதழில் மாதம் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாசகர்கள் தங்கள் பூர்வீக வீட்டின் படம், அறைகளின் அளவு, கட்டிய கொத்தனார் எந்த ஊர் என்ற விவரங்களை அனுப்பட்டும். வீடு நிற்கும்போதே அனுப்பட்டும். எங்கள் வீட்டு வரைபடம் என்று என்னிடம் இருப்பது, என் அத்தை ஞாபகத்திலிருந்து ஒரு காலண்டர் தாளின் பின்புறம் போட்டுக் கொடுத்தது. இரண்டாங்கட்டின் கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்பதில் அவருக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நங்கநல்லூர், சென்னை.