தோற்றுக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் வீட்டு வளவில் பாயை விரித்து, தலையணையைத் தூக்கி அடித்து டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்த நட்சத்திரம் ஜான் சீனாவாகவே மாறிவிடுவான் அண்ணன் மகன். எனக்கோ 2010 சம்மர்ஸ்லாம் மல்யுத்த நிகழ்ச்சி தந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. வேட் பாரெட் தலைமையில் புதிதாக வந்த நெக்ஸஸ் அணியின் கடைசி இருவரையும் சீனா ஒற்றை ஆளாக வீழ்த்தினார். அந்தப் பையன்களின் மவுசு அன்றோடு போயிற்று. முடிவை முன்பே எழுதிவைக்கும் ஆட்டம்தானே? அன்று தோற்றிருந்தாலும் சீனாவின் புகழ் துளியும் குறைந்திருக்காது.

2013 சம்மர்ஸ்லாமில் அதே சீனா, வளர்ந்துவந்த வீரர் டேனியல் பிரையனின் முழங்கால் அடியில் விழுந்து சாம்பியன் பட்டத்தையே இழந்தார். மறு ஆண்டு ரெசில்மேனியா 30 நிகழ்ச்சியின் கடைசிப் போட்டியில் பிரையன் வென்றபோது அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. பெரிய நட்சத்திரங்கள் இப்படி இறங்கி வர வேண்டும்.

– வாசகர், காரைக்குடி