படகு நகராததற்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

கேம் பிடிக்கவில்லை என்றால் திட்டுவது ரசிகரின் உரிமை என்ற தொனியில் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உரிமைதான், மறுக்கவில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கியவரின் கோபத்தையும் திருட்டுப் பிரதியில் ஆடியவரின் கோபத்தையும் கட்டுரை ஒன்றாகவே பார்க்கிறது. வடசேரியில் ஒரு மாடி அறையில் நாலு பேராக கேம் செய்கிறோம். எங்கள் கேமில் ஒரு கட்டத்தில் படகு பாறையில் ஏறி அப்படியே நின்றுவிடும். மூன்றாம் நாளே சரிசெய்து அப்டேட் கொடுத்துவிட்டோம். திருட்டுப் பிரதிக்கு அது போய்ச் சேரவில்லை. இரண்டு மாதம் கழித்தும் 'படகு நகரவில்லை, சோம்பேறிகளா' என்று மின்னஞ்சல் வந்துகொண்டிருந்தது. அனுப்பிய படத்தின் மூலையில் பழைய பதிப்பு எண். மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர், நம்ம ஊர் கேம் என்று பெருமையாக அந்தத் திருட்டுப் பிரதியைப் பத்துப் பேருக்கு அனுப்பியதாக வேறு எழுதியிருந்தார்!

பிடிக்குமோ பிடிக்காதோ என்று திருட்டுப் பிரதியைத் தேட வேண்டியதில்லை. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் இணையதளத்தில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. எங்களைப் போன்ற சிறு ஸ்டுடியோக்களும் முதல் கட்டத்தை இலவசமாக ஆடக் கொடுக்க வேண்டும் (நாங்களே தாமதமாகத்தான் செய்தோம்). அப்புறம், உள்ளூர் கேம்களைப் பற்றி எழுதும்போது எங்கே வாங்குவது, பிழையை எப்படித் தெரிவிப்பது என்று இரண்டு வரி சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

– வாசகர், வடசேரி, நாகர்கோவில்