ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கையில் சில்லறை கொடுங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். தொடக்கப் பள்ளி ஒன்றின் எதிரே பெட்டிக்கடை நடத்துகிறேன். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குக் காசே தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஆறு வயதுப் பிள்ளையிடம் இரண்டு ரூபாயையும் ஐந்து ரூபாயையும் நீட்டி, எது அதிகம் என்று கேட்டுப் பாருங்கள். 2007 வாக்கில் வந்த இரண்டு ரூபாய் எவர்சில்வர் நாணயம் 27 மி.மீ. அகலம். பிறகு வந்த மஞ்சள் நிற ஐந்து ரூபாயோ 23 மி.மீ.தான். பிள்ளை பெரியதைத் தொடும். ஓர் ஐந்து ரூபாயைவிட மூன்று ஒரு ரூபாய் அதிகம் என்றும் சொல்லும். அந்த வயதில் கண்ணுக்குத் தெரிவதுதான் கணக்கு. காசு கையில் புழங்கப் புழங்க இது தானாகத் தெளியும். முன்பு பிள்ளையைக் கடைக்கு அனுப்பி, மீதியை எண்ணி வாங்கி வரச் சொல்வார்கள். இப்போது அம்மா கைபேசியைக் காட்டுகிறார். என் கடை ஒலிபெருக்கி "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்கிறது. பணம் குறைவதைப் பிள்ளை பார்ப்பதே இல்லை. காசு இல்லை என்று அம்மா சொன்னால், "போனில் போடுங்கம்மா" என்கிறது. பாவம், அது கண்டது அவ்வளவுதான்.

கணக்குப் புத்தகத்தில் நாணயப் படங்கள் இருக்கின்றன. படத்தைக் கொடுத்து மீதி கேட்க முடியுமா? அக்டோபர் 30 உலக சிக்கன நாளுக்குக் கட்டுரை, பேச்சுப் போட்டிகள் பெரிய வகுப்புகளுக்குச் சரி. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அவை எட்டாது.

நான் கேட்பது சிறியது. இருபத்தைந்து பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு ஐந்நூறு ரூபாய்ச் சில்லறை. வாரம் ஒரு மணி நேரம் வகுப்புக்குள் ஒரு கடை. ஆளுக்கு இருபது ரூபாய். வரைதாள், வண்ணச் சாக்பீஸ், கதைப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகும் அனுமதி என்று விலை போட்டு வையுங்கள். சாக்பீஸ் வாங்கினால் புத்தகத்துக்குக் காசு போதாது. இந்த வாரம் மிச்சம் பிடித்தால் அடுத்த வாரம் கிடைக்கும். சேமிப்பு என்று தனியாகச் சொல்லித்தரவே வேண்டியதில்லை. செலவான காசு பள்ளிப் பெட்டிக்கே திரும்பிவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: வீட்டிலிருந்து காசு கொண்டுவரச் சொல்லாதீர்கள். பிள்ளைகள் பள்ளியிலேயே காசு சேமிக்கும் சஞ்சாயிகா நல்ல திட்டம்தான். ஆனாலும் அதில் காசு வீட்டிலிருந்துதான் வர வேண்டும். தினக்கூலி வீட்டுப் பிள்ளை வெறுங்கையோடு தலைகுனிந்து நிற்கும். சின்ன வகுப்பில் எல்லார் கையிலும் ஒரே தொகை இருக்கட்டும். பத்து வயது நிறைந்தால் அஞ்சலகத்தில் தன் பெயரிலேயே கணக்குத் தொடங்கித் தானே நடத்தலாம். அதற்குள் எண்ணவும், பொறுத்திருக்கவும் பழகிவிடும்.

இந்தக் கல்வியாண்டில் ஒன்றிரண்டு பள்ளிகளிலாவது நடத்திப் பார்க்க அனுமதியுங்கள். எங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்தால், வேண்டிய சில்லறையை நானே மாற்றித் தருகிறேன்.

இப்படிக்கு,
பள்ளி எதிரே கடை வைத்திருப்பவர்