25 கட்டைக்குள் ஒரு தோடி

மடிப்பாக்கம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இந்தக் காலத்திலும் தாளில் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்புகிறாயே, அந்தப் பிடிவாதத்துக்காகவே நானும் பேனாவை எடுத்துவிட்டேன். கையெழுத்து புரியாத இடங்களில் உன் விருப்பப்படி படித்துக்கொள். அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது அறிந்து நிம்மதி. அவர் இனி உன் வீட்டு ஒட்டடையை எல்லாம் கண்டுபிடித்துவிடுவார், ஜாக்கிரதையாக இரு. இங்கே ரேவதி சென்ற மாதம் ஓய்வு பெற்றாள். மறுநாள் காலையே என் அலமாரியை ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிட்டாள். பதினோரு வயர்களை ஒரே பந்தாகச் சுற்றி, "இதெல்லாம் வேண்டுமா?" என்று கேட்டாள். எல்லாம் வேண்டும்.

ஓய்வூதியப் பணத்தில் ஒரு பங்கை சின்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவிக்கு ஒதுக்கியிருப்பதாக எழுதியிருக்கிறாய். மூன்று பெயர்களைக் குறித்து, ஒவ்வொன்றிலும் '61 கட்டை', '16 குரல்' (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்கள்) என்பதை அடிக்கோடிட்டிருக்கிறாய். அந்த அடிக்கோடுதான் எனக்குக் கவலை தருகிறது.

உன் மனத்தில் இன்னும் திருச்சி மெல்லிசை மேடைதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வாடகைக்கு எடுத்த காம்போ ஆர்கன், ஊரார் அதற்கு வைத்த பெயர் 'கேசியோ'. கட்டை இருந்தால் போதும், நம் ஊரில் அது கேசியோதான். 1983இல் யமஹா டிஎக்ஸ்7 சின்தசைசர் வந்தபோது, பத்திரிகையில் வந்த அதன் படத்தை வெட்டி உன் விடுதி அறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாய். அதைத்தான் இப்போதும் வாங்கத் துடிக்கிறாய் போலிருக்கிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது 14 கிலோ எடை. உள்ளே அலைகளை உண்டாக்கும் ஆறு ஆபரேட்டர்கள், அவற்றைக் கோக்க 32 வழிகள், இவை அத்தனைக்கும் முன்பக்கத்தில் மதிப்பை மாற்ற ஒரே ஒரு நகர்த்தி. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டுபிடித்த, ஓர் அலையால் இன்னோர் அலையை அசைத்து ஒலியாக்கும் அந்த எஃப்எம் முறை மிக அழகான கணிதம். ஆனால் அக்காலத்தில் அதை வாங்கியவர்களில் பெரும்பாலோர் உள்ளே வந்த ஒலிகளையே வாசித்துவிட்டு மூடி வைத்தார்கள். அந்த ஒலிதான் வேண்டுமென்றால் கோர்க் 2016இல் வெளியிட்ட வோல்கா எஃப்எம் உன் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. டிஎக்ஸ்7இன் ஒலித்தரவுகளை அது அப்படியே ஏற்றுக்கொள்ளும். மூன்று குரல்தான். சுவரில் ஒட்டிய படத்துக்கு மூன்று குரல் போதும்.

நான் சொல்ல வருவது வேறு. உனக்கு ஒரு குரலே போதும்.

சிரிக்காதே. மேல்நாட்டு விமர்சகர்கள் ஒற்றைக் குரல் கருவியை 'ஆரம்பநிலை', 'துணைக்கருவி' என்று தள்ளி வைப்பார்கள். அவர்கள் இசை சுரங்களை அடுக்கிக் கட்டுவது, அதனால் அவர்களுக்கு அது குறைதான். நீயும் நானும் கேட்டு வளர்ந்த இசையில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தானே? அந்த ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியில்தான் சங்கதி எல்லாம் இருக்கிறது. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்ததற்கு, அது ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்காது என்பதும் ஒரு முக்கியக் காரணம். 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. கட்டை வைத்த எந்த வாத்தியத்தின் மீதும் நம்மவர்களுக்கு இருக்கும் பழைய சந்தேகம் அது. முழுக்க நியாயமான சந்தேகம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

என்னிடம் இருப்பது கோர்க் மோனோலாக். 2017இல் வந்தது. 25 சின்னக் கட்டைகள், ஒலியைப் பிறப்பிக்கும் இரண்டு ஆசிலேட்டர், அதை வடிகட்டும் ஒரு ஃபில்டர், ஏற்றிய சுரங்களைத் தானே திரும்பத் திரும்ப வாசிக்கும் 16 படிகள் கொண்ட சீக்வென்சர். ஆறு டபுள்-ஏ பேட்டரியில் ஓடும், மின்வெட்டு நேரத்தில் எங்கள் தெருவில் சத்தம் கேட்கும் ஒரே வீடு எங்களுடையது. முதல் மாதம் முழுக்க ஒரே ஓர் ஆசிலேட்டரைத் திறந்து வைத்து ஃபில்டரை மட்டும் திருகிக்கொண்டிருந்தேன். ரம்பப்பல் அலையில் எல்லா மேற்சுரங்களும் இருக்கும், சதுர அலையில் ஒற்றைப்படை எண்ணுடையவை மட்டும். ஃபில்டர் அவற்றை மேலிருந்து ஒவ்வொன்றாக வெட்டும். இதை நீ இயற்பியல் வகுப்பில் படித்திருப்பாய். நானும் படித்தேன். காதால் கேட்டது அறுபது வயதில்.

பிறகுதான் ஆசை வந்தது. தோடி.

அந்த ராகத்தின் காந்தாரத்தை அசைக்க வேண்டும். கருவியில் எல்எஃப்ஓ என்று, மெதுவாக ஏறி இறங்கும் அலை ஒன்று இருக்கிறதே, அதைச் சுருதியோடு இணைத்தால் தானே அசையும் என்று நினைத்தேன். சதுர அலையின் அகலத்தைக் குறுக்கினால் மூக்கால் பேசும் ஒலி வரும், நாகசுரத்துக்கு தூரத்து உறவு. அதை வைத்துக்கொண்டு காந்தாரக் கட்டையை அழுத்தி, எல்எஃப்ஓவை மெல்லத் திறந்தேன். மாடியில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் மாமி சன்னல் வழியாக எட்டி, "கீழே யாருக்காவது உடம்பு சரியில்லையா? ஆம்புலன்ஸ் வந்திருக்கிறதா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது கிண்டல் இல்லை, அதுதான் கொடுமை. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. எல்எஃப்ஓ நாம் அழுத்திய சுரத்தை நடுவில் வைத்து மேலும் கீழும் ஒரே அளவில், ஒரே வேகத்தில் ஊஞ்சலாட்டும். தோடியின் காந்தாரம் அப்படி ஓரிடத்தில் உட்காருவதே இல்லை. அது ரிஷபத்திலிருந்து மத்யமத்தை நோக்கிப் போய்ப் போய்த் திரும்பும் பாதை. நடுவில் இருக்கும் காந்தாரக் கட்டையை நாம் தொடவே கூடாது!

அடுத்த முறை எல்எஃப்ஓவை மூடிவிட்டு, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்க வைக்கும் கிளைடைத் திறந்தேன். ரிஷபத்தை இடது விரலால் பிடித்தபடியே இருக்க வேண்டும், மத்யமத்தை வலது விரலால் தட்டித் தட்டி எடுக்க வேண்டும். ஒலி எழுந்து அடங்கும் விதத்தை முடிவு செய்யும் என்வலப்பை ஆர்கன் போல நேராக வைத்துவிட்டதால் ஒவ்வொரு தட்டலுக்கும் ஒலி புதிதாகக் கிளம்பும் இடைஞ்சல் இல்லை. வழுக்கும் நேரத்தை மிகக் குறைவாக வைத்தேன், விரைவாக ஓட வேண்டும் என்பதற்காக. மாமி இறங்கி வந்தே கேட்டார். "ராகம் தெரிகிறது. ஆனால் மத்யமத்தை ஏன் இப்படிக் குத்துகிறீர்கள்? தொட்டும் தொடாமலும் திரும்ப வேண்டாமா?"

இரண்டு நாள் ஆயிற்று எனக்குப் புரிய. நேரத்தைக் குறைக்கக் கூடாது, கூட்ட வேண்டும். வழுக்கல் மெதுவாக இருந்தால் மத்யமத்தை எட்டுவதற்குள் நான் விரலை எடுத்துவிடுவேன், ஒலி பாதி வழியிலேயே திரும்பிவிடும். எவ்வளவு தூரம் போகிறது என்பதை முடிவு செய்வது விரல் தங்கும் நேரம். ஒவ்வொரு அசைவும் கொஞ்சம் வேறாக வருகிறது, ஏனென்றால் என் விரல் ஒழுங்கற்றது. அந்த ஒழுங்கின்மைதான் இத்தனை நாள் குறைந்திருந்த சரக்கு. மாமி, "பரவாயில்லை" என்றார். அவரிடம் எட்டு வருடம் கற்ற மாணவிகளுக்கே அந்தச் சொல் கிடைத்ததில்லை.

ஆகவே கடைக்குப் போனால் விவரத்தாளைப் படிக்காதே, இதைச் செய். ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு மேலே இன்னொன்றைத் தட்டு. ஒலி மேலே போய்த் திரும்பி வருகிறதா? எல்லாக் கருவியும் அப்படிச் செய்யாது. 1970இல் வந்த புகழ்பெற்ற மினிமூக் இரண்டு கட்டை அழுத்தினால் கீழே இருப்பதற்கே முன்னுரிமை தரும், மேலே என்ன தட்டினாலும் அசையாது. அதன் ஒலியின் மீது எனக்கு எவ்வளவு மயக்கம் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் தோடிக்கு அது ஆகாது. மேல் மத்யமத்தைப் பிடித்துக்கொண்டு கீழே தட்டலாம் என்று நீ வாதிடுவாய். அப்படிச் செய்தால் ரிஷபத்திலிருந்து எழும்ப வேண்டியது மத்யமத்திலிருந்து சறுக்கும், உயிர் இடம் மாறிவிடும்.

தம்புராவுக்கு வருகிறேன், இது உனக்குப் பிடிக்கும். சீக்வென்சரில் ப-ஸ-ஸ-ஸ என்று நான்கு சுரங்களை ஏற்றி, வேகத்தை முடிந்தவரை குறை. ரம்பப்பல் அலை. ஃபில்டர் வெட்டும் இடத்தைக் கூர்மையாக்கும் ரெசனன்ஸை நன்றாக ஏற்று, ஆனால் அது தானாக விசிலடிக்கும் எல்லைக்கு முன்னால் நிறுத்து. இப்போது ஒவ்வொரு மீட்டுக்கும் ஃபில்டர் மேலிருந்து மெதுவாக இறங்கும்படி என்வலப்பை வை. இறங்கும் வழியில் மேற்சுரங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்து அணையும். தந்திக்கு அடியில் 'ஜீவா' நூலை நகர்த்திச் சரியான இடத்தில் நிறுத்திய தம்புராவின் இரைச்சல் இல்லைதான், ஆனால் அதன் நிழல். முதல்முறை கேட்டபோது விளக்கைப் போடாமல் இருட்டிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ரேவதி கேட்டதற்கு ஃபியூஸ் போய்விட்டது என்று சொன்னேன்.

இந்தக் கருவியில் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கவும் முடியும். அந்தர காந்தாரத்தை 14 சென்ட் (இரண்டு அடுத்தடுத்த கட்டைகளின் இடைவெளியில் நூற்றில் 14 பங்கு) இறக்கி, உன் ராடெல் சுருதிப்பெட்டியோடு சேர்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். கட்டை வாத்தியத்தில் எப்போதும் கேட்கும் அந்த மெல்லிய படபடப்பு நின்று, சுரம் சுருதிக்குள் கரைந்துவிடும். என்னிடம் இருக்கும் பெட்டியில் ஒலிபெருக்கி கிழிந்துவிட்டது, உன்னுடையதை வைத்துத்தான் சரியாகக் கேட்க வேண்டும்.

நாம் ஏதோ புதிதாகச் செய்வதாக நினைத்துக்கொள்ளாதே. 1969இலேயே அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு ஒரு மூக் சின்தசைசர் வந்து இறங்கியிருக்கிறது. அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் வந்து அதை நிறுவிக் கொடுத்தார். நாம் அப்போது அரிச்சுவடி படித்துக்கொண்டிருந்தோம். 1982இல் பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற திரையிசைக் கலைஞர் ரோலண்டின் டிபி-303, டிஆர்-808, ஜூபிடர்-8 என்ற மூன்று மின்னணுக் கருவிகளையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010இல் மறுவெளியீடு வந்தபோது, சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்னும் நடன இசை பிறப்பதற்கு முன்பே இப்படி ஒன்றா என்று உலகம் வாயைப் பிளந்தது. அதில் வரும் டிபி-303, கிதார் வாசிப்பவர்களுக்கு பேஸ் துணை வாசிக்கச் செய்யப்பட்ட பெட்டி. அந்த வேலைக்கு அது விலைபோகவில்லை. ஒற்றைக் குரல்தான், ஆனால் வழுக்கும்! ராகத்துக்கு வேண்டியது அந்த வழுக்கல் என்று அவருடைய காதுக்குத் தெரிந்திருக்கிறது. அதை நான் கேட்ட பிறகுதான் உன் '16 குரல்' அடிக்கோடு எனக்கு உறுத்தத் தொடங்கியது.

இனி என் அசட்டுத்தனம் ஒன்று, உனக்கு நடக்காமலிருக்க. இரண்டு வருடம் முன்பு ஜப்பானிலிருந்து வந்த பழைய கருவி ஒன்றைக் கைமாற்றில் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் ஆசையோடு சுவரில் சொருகினேன். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. மூன்று விநாடி அற்புதமாக ஒலித்தது. நான்காவது விநாடியில் வெந்தய வாசனைபோல் ஏதோ வந்தது. யார் மீதும் பழி போட வழியில்லை, பின்பக்கத்தில் '100' என்று எழுதித்தான் இருந்தது. ரிச்சி தெருவில் ஒருவர் பாதி உயிரை மீட்டுக் கொடுத்தார், மீதிப் பாதியை நான் விற்றுவிட்டேன். பழையது வாங்கினால் முதலில் பின்பக்கத்தைப் படி.

ஒன்று வாங்கியபின் ஒரு வருடத்துக்கு அடுத்ததை வாங்காதே. இதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒரே ஆண்டில் மூன்று வாங்கி இரண்டை நஷ்டத்தில் தள்ளியவன் நான். ஆனால் அந்த இரண்டில் எந்தக் குமிழ் எங்கே இருந்தது என்று இப்போது நினைவில்லை, மோனோலாகை இருட்டில் திருக முடிகிறது. பிறகு மனம் மாறினாலும் பெரிய கவலை இல்லை, 1983இல் புழக்கத்துக்கு வந்த, மின்னணுக் கருவிகளுக்கிடையேயான பொது மொழியான அதே மிடிதான் இன்றும் பழையதையும் புதியதையும் பேச வைக்கிறது.

உன் மாப்பிள்ளை கணினியிலேயே எல்லாம் செய்யலாம் என்கிறாராமே. செய்யலாம். அவருக்கு வயது முப்பத்திரண்டு, திரையைப் பார்த்துக்கொண்டே இரவைக் கழிக்க முடியும். உனக்கும் எனக்கும் வங்கியில் திரையைப் பார்த்தே கண் போய்விட்டது. நான் குமிழைத் திருகும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன்.

மார்கழியில் கச்சேரி கேட்க வருவதாக எழுதியிருக்கிறாய். கச்சேரிக்கு முன்னால் இங்கே வா. அதுவரை எதையும் வாங்காதே, என்னுடையதில் உட்கார்ந்து ரிஷபத்தைப் பிடித்துக்கொண்டு மத்யமத்தைத் தட்டிப் பார். விரலுக்குப் பிடித்தால் பேசுவோம். பிடிக்காவிட்டால் உன் 61 கட்டையை வாங்க நானே உன்னோடு வருகிறேன், முணுமுணுக்காமல். சுருதிப்பெட்டியை எடுத்துவர மறக்காதே. சுருதியை ஐந்து கட்டையில் வைத்துக்கொண்டு வா, மாமிக்கு அதுதான் வசதி.

அன்புடன்,
முரளி

பி.கு.: வரும் வழியில் ஆறு பேட்டரி வாங்கி வா. ரேவதி அலமாரியைப் பூட்டிவிட்டாள், அடாப்டர் உள்ளே இருக்கிறது.