பழஞ்சொற்களைக் கட்டத்தை விட்டுத் துரத்தாதே

அன்புள்ள நண்பா,

வணக்கம். இங்கு எல்லோரும் நலம். முழங்கால் வலிக்கு மருத்துவர் சொன்ன பயிற்சியை நீ செய்யமாட்டாய் என்று தெரிந்தும், செய்யச் சொல்லி எழுதும்படி வீட்டில் கட்டளை, எழுதிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த இதழிலிருந்து உன் குறுக்கெழுத்தில் பழஞ்சொற்களுக்கு இடமில்லை என்று முடிவு செய்துவிட்டதாக, கடிதத்தின் கடைசியில் இரண்டே வரியில் எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அந்த முடிவை நீ அச்சுக்கு அனுப்புவதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர வேண்டும்.

பழஞ்சொற்கள் புரியவில்லை என்ற வாசகர்களின் புகாரில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ‘வண்டு (3)’ என்று மட்டும் குறிப்புக் கொடுத்துவிட்டு ஞிமிறு என்ற விடையை எதிர்பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும். தும்பியும் வண்டுதான்; அதற்கும் மூன்றெழுத்துதான். சொல்லை முன்பே அறிந்தவர் ஒரு நொடியில் எழுதிவிடுவார். அறியாதவர் எவ்வளவு யோசித்தாலும் அகராதியைப் புரட்டாமல் விடையை எட்ட முடியாது. புதிரை அவிழ்த்த மகிழ்ச்சி இருவருக்குமே கிடைப்பதில்லை. ஆனால் இது குறிப்பின் குறை. அந்தப் பழியைச் சொல்லின் தலையில் போட்டு அதைத் துரத்துவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

செய்யுளில் வழங்கும் அருஞ்சொல்லான திரிசொல்லைப் பற்றிய தொல்காப்பிய நூற்பாவை நம் ஐயா மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வாரே, நினைவிருக்கிறதா? ‘ஒருபொருள் குறித்த வேறுசொல் ஆகியும், வேறுபொருள் குறித்த ஒருசொல் ஆகியும்’ என்று அதை இரண்டாகப் பிரிப்பார் தொல்காப்பியர். அந்தப் பகுப்பு குறுக்கெழுத்து அமைப்பவர்களுக்காகவே செய்யப்பட்டதோ என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. ஒரே பொருளுக்குப் பல சொற்கள் இருக்கும் முதல் வகையில்தான் உனக்கு வரும் புகார்கள் அனைத்தும் முளைக்கின்றன. ஒரே சொல் இரண்டு மூன்று பொருள்களைச் சுமந்து நிற்கும் இரண்டாம் வகையில் புதையல் இருக்கிறது; அதை நீ இன்னும் தோண்டவே ஆரம்பிக்கவில்லை.

கழகம் என்ற சொல்லை எடுத்துக்கொள். ‘கவறும் கழகமும் கையும் தருக்கி’ என்று சூதாட்டத்தைக் கண்டிக்கும் குறளில் அது சூதாடும் இடம். கவறு அங்கே உருளும் தாயக்கட்டை. ‘இன்று தொண்டர்கள் கூடுமிடம், வள்ளுவர் நாளில் கவறு உருண்ட இடம் (4)’ என்று எழுதினால், குறள் தெரியாதவரும் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு விடைக்கு வந்துவிடுவார். எழுதி முடித்த பிறகுதான் பழைய பொருள் அவருக்கு வியப்பைத் தரும். அந்த வியப்புக்காகத்தானே நாம் இருவரும் இதில் இறங்கினோம்? கவறும் கழகமும் ஒரே எழுத்தில் தொடங்குவதால், ஒரே மூலையிலிருந்து ஒன்றை இடமிருந்து வலமாகவும் மற்றொன்றை மேலிருந்து கீழாகவும் ஓடவிடலாம் என்பதையும் கவனி.

தொல்காப்பியத்தின் மரபியலைத் திறந்தால் இன்னும் நிறையக் கிடைக்கும். பாட்டி என்ற சொல்லுக்காக வாசகி ஒருவர் கோபித்துக்கொண்ட விவகாரத்தை நான் மறுபடி கிளறப்போவதில்லை, பயப்படாதே. பெண் நாய்க்கும் பெண் பன்றிக்கும் பெண் நரிக்கும் அந்தப் பெயரை வைத்தவர் தொல்காப்பியர்தான் என்று நீ அன்றே அந்த அம்மையாருக்குப் பதில் எழுதியிருக்கலாம். ஆட்டுக்கடாவுக்கு அங்கே சொல்லப்படும் பெயர்களில் ஒன்று அப்பர். ‘நாவுக்கரசரைச் சம்பந்தர் அழைத்த பெயரில் மந்தையிலும் ஒருவர் (4)’ என்று குறிப்பு எழுதலாம். பெண் ஆட்டுக்குக் கடமை என்று பெயர். ‘தவறாமல் செய்ய வேண்டிய பெண் ஆடு (3)’ என்று படித்தவர் முதலில் திகைப்பார். பிறகு ஒவ்வோர் எழுத்தாக நிரப்பும்போது அவருடைய முகம் எப்படி மலரும் என்று எண்ணிப்பார்.

பழஞ்சொற்கள் இல்லாமல் கட்டம் கட்டுவது எவ்வளவு கடினம் என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். தமிழ்ச் சொல் எதுவும் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்காது. வல்லின மெய்யில் முடியவும் முடியாது. ஆகவே ஒரு சொல்லில் க், ச், த், ப் வந்தால், அந்தக் கட்டத்தைக் கடக்கும் இன்னொரு சொல்லுக்கும் அது நடுவில்தான் விழ வேண்டும். அதைக்கூடச் சமாளித்துவிடலாம், ஞகரத்தை என்ன செய்வாய்? கவிஞர், கலைஞர், அறிஞர், இளைஞர் என்று நாள்தோறும் புழங்கும் சொற்களில் எல்லாம் குறில் ஞ உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கட்டத்திலிருந்து கீழே இறங்க இன்றைய வழக்கில் எனக்கு ஒரு சொல்லும் தோன்றவில்லை. கீழிருந்து மேலாகத் திருப்பிப் போட்டாலும் ஞ-வில் முடியும் சொல்லுக்கு எங்கே போவது? பழஞ்சொல்லைக் கூப்பிட்டால் ஞமலி ஓடிவருகிறது, யமனின் பழைய வடிவமான ஞமனும் வந்து நிற்கிறான். ‘கவிஞரிடம் வாங்கிய ஓரெழுத்து மலிந்தால் குரைக்கும் (3)’ என்று எழுதினால் ஞ, மலி என்ற இரண்டு துண்டுகளும் குறிப்பிலேயே இருக்கின்றன. ஞமலி என்ற சொல்லையே கேட்டிராதவர்கூட அவற்றைச் சேர்த்து எழுதி, நாய் என்று தாமாகவே கண்டுகொள்வார். கடினமான சொல்லுக்கு இப்படி ஒரு படிக்கட்டு வைப்பது அமைப்பவரின் பொறுப்பு; படிக்கட்டு வைக்க வழியில்லாத சொல்லை மட்டும் விட்டுவிடு.

சொல் தேடக் கணினியைத்தான் நம்பியிருக்கிறாய் என்று தெரியும். பழைய சொற்பொருள் நூலான சூடாமணி நிகண்டையும் மேசைமேல் வைத்துக்கொள். 16ஆம் நூற்றாண்டில் மண்டல புருடர் இயற்றிய அந்த நூலின் 11ஆம் தொகுதி, பல பொருள் தரும் சொற்களை எதுகை முறையில், அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து அடுக்கியிருக்கிறது. வீரமாமுனிவரும் 1732ஆம் ஆண்டில் முடித்த சதுரகராதியில் எதுகைக்கென்று தொடையகராதி என்ற தனிப் பகுதியையே வைத்தார். செய்யுள் எழுதுபவர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. இரண்டாம் எழுத்து விழுந்துவிட்டது, முதல் எழுத்து தெரியவில்லை என்று நாம் தவிக்கும் இடத்தில், முதலெழுத்து வரிசையில் அமைந்த எந்த அகராதியும் இவ்வளவு நேராக உதவுவதில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். கட்டத்துக்குள் எழுத்தை வைத்து விளையாடும் கலை 1913ஆம் ஆண்டில் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் ஆர்தர் வின் முதல் புதிரை வெளியிட்ட பிறகுதான் நமக்குத் தெரியவந்தது என்று உன் இதழில் யாரோ எழுதியிருந்தார்கள். ஆனால் 64 அறைகளில் எழுதி எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒரே செய்யுளாக வரும் சருப்பதோபத்திரத்தைப் பழைய அணியிலக்கண நூலான தண்டியலங்காரமே பேசுகிறது. அந்தத் தவறை நீ திருத்தாமல் விட்டதில் எனக்கு வருத்தம்தான்.

கடைசியாக, என்னை உண்மையில் அலைக்கழிப்பதைச் சொல்லிவிடுகிறேன். என் தந்தை உழக்கு என்றும் உரி என்றும் சொன்னபோது, அது எவ்வளவு என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. வீட்டிலேயே அந்தப் பாத்திரங்கள் இருந்தன. இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி என்று நம் வயதுக்காரர்களுக்கு வாய்ப்பாடாகவாவது தெரியும். லிட்டரிலேயே வளர்ந்த பிள்ளைகளிடம் அந்தச் சொற்களைச் சொல்ல நமக்கு ஒரு வாய்ப்பும் வருவதில்லை. அவர்களுக்கு அறிவுரை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. ‘தோலை நீக்கினால் அரை நாழி (2)’ என்று ஒரு குறிப்பு போட்டால் அவர்களே தேடிக்கொண்டு வருவார்கள். பழைய பின்னக் கணக்கில் முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு என்பதைப் போன வாரம் என் பேத்திக்குக் குறிப்பாகக் கொடுத்தேன். விடையைக் கண்டுபிடித்த பிறகு, காணி எவ்வளவு, மா எவ்வளவு என்று அவளே கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். ஒரு சொல் ஒருவருடைய வாயில் மறுபடி நுழைவதற்கு உன் கட்டத்தைப் போல நல்ல வாசல் எனக்கு வேறு தெரியவில்லை. அதை நீயே அடைக்கலாமா?

ஆகவே ஒரு கட்டத்துக்கு இரண்டு பழஞ்சொற்களாவது இருக்கட்டும். அவற்றின் எழுத்துகளில் பாதிக்கு மேல் எளிய சொற்கள் கடந்து செல்லட்டும். விடைகளை வெளியிடும்போது அந்தச் சொல் வரும் ஒரு பாடலடியையும் கீழே சேர்த்துவிடு. புகார் எழுதுபவர்களில் பலர் அதைக் கண்டால் சமாதானம் ஆகிவிடுவார்கள். இதற்கு நீ சம்மதித்தாலும் மறுத்தாலும் உடனே எழுத வேண்டும். எழுதும்போது இதற்கும் விடை சொல்: ‘வில்வீரன் முதுகில் இரண்டு பதக்கு நெல் (2)’.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்