மடுவத்துக் கொப்பியும் சங்கத்து டிஸ்க்கும்

நலன்புரிச் சங்க நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

"இரட்டை டிஸ்க் போட்டிருக்கிறோம், ஒன்று போனாலும் மற்றது இருக்கும்" என்று போன கூட்டத்தில் சொன்னீர்கள். எழுதுவதையெல்லாம் இரண்டு டிஸ்க்கிலும் ஒரேமாதிரி எழுதும் இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் மிரர். நானும் தலையாட்டினேன். மறுநாள் ஹட்டன் அலுவலகத்தில் பார்த்தால், திரையில் இரண்டு 'யூ' நிற்க வேண்டிய இடத்தில் ஒரு 'யூ'வும் ஒரு கோடும். 'யூ' என்றால் டிஸ்க் வேலையில் இருக்கிறது, கோடு என்றால் விலகிவிட்டது. அந்தக் கோடு விழுந்து 11 நாள். கரண்ட் போய் வந்த மழை நாளில் வெளி டிஸ்க்கின் யூ.எஸ்.பி. வயர் தளர்ந்திருக்கிறது. டிஸ்க்கில் பழுதில்லை. கணினியும் வழக்கம்போல ஓடியதால் ஒருவருக்கும் தெரியவில்லை. மிரர் போடுவதே அப்படி ஓடத்தானே!

வயரைக் குத்தினால் சரியாகிவிடாது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இரண்டு கணக்கப்பிள்ளைமார் ஒரே நிறுவையை இரண்டு கொப்பியில் எழுதுகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் 11 நாள் வரவில்லை. திரும்பி வந்ததும் அவர் முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்தெழுத வேண்டும். நம்முடையது 2 டெராபைட். விநாடிக்கு 100 மெகாபைட் போனாலும் ஐந்தரை மணித்தியாலம். வேலையில் இருந்தவர் எந்தெந்தப் பக்கத்தில் எழுதினார் என்று ஒரு துண்டில் குறித்திருந்தால் அவற்றை மட்டும் எழுதினால் போதும், சில நிமிடத்தில் முடியும். நமது கணினியை ஓட்டும் லினக்ஸில் அந்தத் துண்டுக்குப் பெயர் பிட்மேப். நமது கணினியில் அதைப் போடவில்லை. தவறு என்னுடையதுதான்.

இதைவிடச் சிக்கல் இன்னொன்று. 'சும்மா கிடக்கிற டிஸ்க்தானே' என்று ஒருவர் அதைத் தலவாக்கலைக்குக் கொண்டுபோய், வேறு கணினியில் திறந்து, மூன்று குடும்பங்களின் சேமலாப நிதிப் படிவங்களை ஏற்றிவிட்டு வந்திருக்கிறார். நல்ல மனதோடுதான். ஆனால் லீவில் இருந்தவர் வீட்டில் தனிக்கணக்கு எழுதிக்கொண்டு வந்த கதைதான் இது. ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு நிகழ்வு எண் உண்டு, வழக்கமாகப் பெரிய எண்தான் புதியது. இரண்டிலும் தனித்தனியே எழுதியபின் அந்த எண்ணை நம்ப முடியாது. பிட்மேப் இருந்திருந்தாலும் உதவாது. மிரருக்கு இரண்டையும் கலக்கத் தெரியாது. ஒன்றின் மேல் மற்றதை எழுதிவிடும், அந்த மூன்று குடும்பமும் அழிந்துபோகும்.

அதனால் முதலில் அந்தப் படிவங்களை வேறாக எடுத்து வைக்கிறேன். அப்புறம் முழு டிஸ்க்கையும் புதிதாகச் சேர்க்கிறேன். சேர்ந்தபின் பிட்மேப் போட ஒரே கட்டளை. கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் கணினியை ஓடவைக்கும் ஒரு யூ.பி.எஸ்.ஸுக்குப் பணம் ஒதுக்குங்கள். ஒரு டிஸ்க் விலகினால் எனக்கு மின்னஞ்சல் வரும்படி செய்துவிடுகிறேன். டிஸ்க்கில் உள்ள பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களின் பிரதி ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். இங்கே தவறுதலாக அழித்தால் மிரரும் உடனே சேர்ந்து அழிக்கும்.

சனிக்கிழமை மாலை அலுவலகச் சாவி வேண்டும், ஞாயிறு காலை தந்துவிடுவேன். அதுவரை அந்த வயரை யாரும் குத்திப் பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் கணினிக்காரன்