ஒரு புள்ளி ஏற்றத்துக்குத் தலைப்புச் செய்தி எதற்கு? – பிரித்தானியச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

லண்டன், எடின்பரோ, கார்டிஃப் செய்தி மேசைகளில் இருக்கும் ஆசிரியர்களுக்கும், அங்கே வெளியாகும் கணிப்புகளைத் தமிழில் எடுத்துப் போடும் இதழ், வானொலி, யூடியூப் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

தேர்தல் பக்கத்தில் இல்லாதபோதும் பிரித்தானியாவில் வாரந்தோறும் கருத்துக்கணிப்புகள் வருகின்றன. உடனே 'ரிஃபார்ம் கட்சி ஒரு புள்ளி (அதாவது ஒரு சதவீதம்) ஏறியது', 'தொழிற்கட்சி இரண்டு புள்ளி சரிந்தது' என்று தலைப்பும் வந்துவிடுகிறது. அதற்கு மேல் அரைப் பக்க அரசியல் விளக்கம். பட்ஜெட் பிடிக்கவில்லையாம், தலைவரின் பேச்சு எடுபட்டதாம். பல நேரங்களில் அங்கே எதுவும் நடந்திருக்காது. உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: அளவுகோலின் பிழையை விடச் சிறிய மாற்றத்தைச் செய்தியாக்காதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு நிறுவனம் 2,000 பேரிடம் கேட்கிறது. 'தெரியாது', 'வாக்களிக்க மாட்டேன்' என்பவர்களைக் கழித்தால் 1,400 பேர் அளவில் மிஞ்சுவார்கள். இவர்களில் 30 சதவீதம் ஒரு கட்சியைச் சொன்னால், பாடநூல் கணக்குப்படி பிழை வரம்பு, அதாவது உண்மை நிலை கணிப்பிலிருந்து விலகக்கூடிய அளவு, கூட்டியோ குறைத்தோ 2.4 புள்ளி. போன வாரக் கணிப்புக்கும் அதே அளவு பிழை உண்டு. அதனால் இரண்டுக்கும் இடையிலான மாற்றத்தின் பிழை வரம்பு சுமார் 3.4 புள்ளி ஆகிவிடுகிறது. முதலிடக் கட்சிக்கும் இரண்டாமிடக் கட்சிக்கும் உள்ள இடைவெளியை எடுத்தால் பிழை இன்னும் பெரிது. ஒரு கட்சி கூடுதலாகக் காட்டப்படும்போது மற்றது குறைவாகக் காட்டப்படுவது வழக்கம். 'முன்னிலை 6-லிருந்து 4 ஆகச் சுருங்கியது' என்ற வரியை எழுதும் முன் இதை ஒரு தடவை போட்டுப் பார்த்தால் போதும்.

உட்பிரிவுகளின் நிலைமை இன்னும் மோசம். அதே 2,000 பேரில் ஸ்காட்லாந்துக்காரர்கள் 170 பேர் இருப்பார்கள், வாக்கைச் சொன்னவர்கள் 120 பேர். அங்கே பிழை வரம்பு 8 புள்ளியைத் தாண்டும். குறைவாகச் சிக்கிய பிரிவினரின் பதிலுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்க வயது, பாலினம், கல்வி என்று போடப்படும் எடைகளும் பெரும்பாலும் மொத்த மாதிரியைச் சரிசெய்யப் போடப்படுபவை. அவை அந்த 120 பேரை ஸ்காட்லாந்தின் சாயலுக்குக் கொண்டுவராது. ஸ்காட்லாந்தைப் பற்றி எழுத வேண்டுமென்றால் ஸ்காட்லாந்துக்கென்றே எடுத்த கணிப்பு வேண்டும். 18 முதல் 24 வயதினர் என்ற பத்திக்கும் இதே விதிதான். இன்னொன்று: வழக்கமான கணிப்புகள் வட அயர்லாந்தைச் சேர்ப்பதில்லை. 650 தொகுதிகளில் அந்த 18 கணிப்புக்கு வெளியே நிற்கின்றன. 'ஐக்கிய இராச்சியம் முழுவதும்' என்று எழுதுவது அங்கேயே தவறிவிடுகிறது.

இதுவரை சொன்னது சீட்டுக் குலுக்கலில் வருவது போன்ற தற்செயல் பிழை மட்டுமே. பெரிய தவறுகள் அங்கிருந்து வந்ததில்லை. 2015 பொதுத் தேர்தலில் கடைசிக் கணிப்புகள் இரு பெரிய கட்சிகளும் சமம் என்றன. முடிவில் கிரேட் பிரிட்டனில் (வட அயர்லாந்து நீங்கலாக) கன்சர்வேட்டிவ் கட்சி 6.6 புள்ளி முன்னால் நின்றது. பேராசிரியர் பேட்ரிக் ஸ்டர்ஜிஸ் தலைமையிலான விசாரணை 2016-இல் முதன்மையான காரணத்தைச் சொன்னது: கேட்கப்பட்டவர்கள் நாட்டைப் பிரதிபலிக்கவில்லை, தொழிற்கட்சி ஆதரவாளர்கள் மாதிரியில் அதிகமாக இருந்தார்கள். எடையிட்டும் அது சரியாகவில்லை. 'வெட்கப்படும் கன்சர்வேட்டிவ் வாக்காளர்' (தன் வாக்கைக் கணிப்பில் மறைப்பவர்) என்று நீங்கள் ஆண்டாண்டாக எழுதிவந்த விளக்கத்துக்கு அந்த விசாரணையில் ஆதாரம் கிடைக்கவில்லை.

2024 பொதுத் தேர்தலில் நடந்ததைப் பலர் கவனிக்கவே இல்லை. இறுதிக் கணிப்புகள் தொழிற்கட்சிக்கு 38–39 சதவீதத்தை ஒட்டிக் கொடுத்தன. நாடு முழுவதும் கிடைத்தது 33.7. முன்னிலையில் ஏற்பட்ட பிழை 2015-இல் வந்ததற்குக் கிட்டத்தட்ட சமம். ஆனால் 411 இடங்களோடு அதே கட்சி வென்றதால் 2015 அளவுக்குப் பேச்சு எழவில்லை. யார் வெல்வார் என்பதை மட்டும் வைத்துக் கணிப்புக்கு மதிப்பெண் போடும் பழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும்.

இந்த வரலாற்றையே ஒரு வாக்கியமாக்கித் தந்திருக்கிறது பிரித்தானியக் கருத்துக்கணிப்புக் கவுன்சில். 2018 மே முதல் அதன் உறுப்பு நிறுவனங்கள் தங்கள் கணிப்போடு ஓர் எச்சரிக்கை தர வேண்டும்: ஒரு கட்சியின் உண்மையான ஆதரவு, கணிப்பு சொல்லும் எண்ணிலிருந்து மேலோ கீழோ 4 புள்ளிக்குள் இருக்க 10-இல் 9 பங்கு வாய்ப்பு, 2 புள்ளிக்குள் இருக்க 3-இல் 2 பங்கு வாய்ப்பு. பாடநூல் சூத்திரத்தை விட நேர்மையான எண் இது. உங்கள் வரைபடத்துக்குக் கீழே இடமில்லை என்று வெட்டப்படுவதும் பெரும்பாலும் இதுதான்.

பிபிசியின் ஆசிரியர் நெறிகள் இந்த விஷயத்தில் தெளிவானவை. வாக்கு நோக்கக் கணிப்பை மட்டும் வைத்துச் செய்தி அறிக்கையைத் தொடங்கக் கூடாது. கணிப்பு 'காட்டுகிறது', 'நிரூபிக்கிறது' என்று சொல்லக் கூடாது. கணிப்புக்குப் பணம் கொடுத்தவர் தரும் விளக்கத்தை நம்பிப் போடக் கூடாது. நல்ல விதிகள். ஆனால் அதே ஊடகங்களில் காலை நாளிதழ் அலசல் என்றொன்று வரும். அங்கே இந்த மூன்றும் பத்து நிமிடத்தில் உடையும், 'நாளிதழ் சொல்கிறது' என்ற போர்வையில். தமிழுக்கு வரும்போது 'சுட்டுகிறது' என்ற எச்சரிக்கையான சொல்லும் உதிர்ந்து 'உறுதியானது' ஆகிவிடுகிறது.

எம்ஆர்பி (MRP) என்ற, தொகுதிவாரியாக முடிவைக் கணிக்கும் கணித மாதிரிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2017-இல் யூகவ் என்ற கணிப்பு நிறுவனம் இந்த முறையில் பெரும்பான்மை இல்லாத நாடாளுமன்றம் வரும் என்று சொன்னதால் இதற்குப் பெரும் மரியாதை வந்தது. ஆனால் எம்ஆர்பி உங்கள் தொகுதியை அளப்பதில்லை. 20,000 பேரிடம் கேட்டாலும் கிரேட் பிரிட்டனின் 632 தொகுதிகளுக்குப் பங்கிட்டால் தொகுதிக்குச் சராசரி 32 பேர்தான். வயது, கல்வி, முந்தைய வாக்கு போன்றவை வாக்கை எப்படி நகர்த்துகின்றன என்று மொத்தத் தரவிலிருந்து கற்று, அந்தத் தொகுதியின் மக்கள்தொகைக் கணக்கின் மேல் அதைப் பொருத்துகிறார்கள். உள்ளூர் மருத்துவமனைப் பிரச்சினைக்காக நிற்கும் சுயேச்சையோ, காசா பற்றிய கோபமோ அதில் சரியாக விழாது. 2024-இல் சவன்டா நிறுவனத்தின் மாதிரி தொழிற்கட்சிக்கு 516 இடங்கள் கொடுத்தது. யூகவின் கடைசி மாதிரி 431. இடையில் இரண்டே வாரம், ஒரே நாடு. 'உங்கள் எம்பி தோற்பாரா?' என்று அஞ்சல் குறியீடு போட்டுப் பார்க்கும் கருவியை இணையதளத்தில் வைக்கும்போது, அந்த இருக்கையில் வெற்றி வாய்ப்பு எத்தனை சதவீதம் என்பதையும் வண்ணத்தோடு சேர்த்துக் காட்டுங்கள்.

தேர்தல் இரவு பத்து மணிக்கு வரும் எக்ஸிட் போல் வேறு சாதி. அதையும் வழக்கமான கணிப்பையும் ஒரே வரைபடத்தில் கோர்ப்பது தவறு. 2024-இல் 130-க்கு மேற்பட்ட வாக்குச்சாவடிகளின் வாசலில், வாக்களித்து வெளியே வந்தவர்களிடம் போலி வாக்குச்சீட்டு கொடுத்து, இன்னொரு முறை மறைவாகப் போடச் சொன்னார்கள். முடிந்தவரை சென்ற தேர்தலில் நின்ற அதே சாவடிகளுக்கே திரும்பப் போவார்கள். காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் படிவம் 20 என்ற தேர்தல் முடிவுத் தாளைப் புரட்டினால் சாவடிவாரி வாக்கு தெரிந்துவிடும். பிரித்தானியாவில் பெட்டிகளைக் கலந்துதான் எண்ணுகிறார்கள், சாவடிவாரி முடிவு எங்கும் வெளியாவதில்லை. எனவே ஒப்பிட இருக்கும் ஒரே தரவு, அதே வாசலில் சென்ற முறை எடுத்த எக்ஸிட் போல்தான். நாட்டின் வாக்குச் சதவீதத்தை நேரடியாக அளக்காமல், இடத்துக்கு இடம் எவ்வளவு மாறியது என்பதை அளந்து, அதைத் தொகுதிகளுக்கு விரிக்கிறார்கள். 2024-இல் தொழிற்கட்சிக்கு 410 என்று சொன்னது இந்த முறைதான். இதிலும் தவறு உண்டு: ரிஃபார்முக்கு 13 என்றது, கிடைத்தது 5. சிதறிக் கிடக்கும் ஆதரவை இடங்களாக்குவது எப்போதும் கடினம். வாக்குப்பதிவு முடியும் முன் எக்ஸிட் போலை வெளியிடுவது 1983-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 66ஏ பிரிவுப்படி குற்றம் என்பதையும், வாட்ஸ்அப்பில் வரும் 'கசிந்த முடிவு'களைப் பகிரத் தோன்றும் தமிழ்ச் சேனல்கள் நினைவில் வைக்க வேண்டும்.

நடைமுறையில் வேண்டுவது சொற்பம். எந்த நிறுவனம், யார் பணம் கொடுத்தது, எந்தத் தேதிகளில் கேட்டார்கள், எத்தனை பேர், என்ன கேள்வி: இவை செய்தியின் முதல் மூன்று பத்திக்குள் வரட்டும். தேதி முக்கியம், ஞாயிறன்று அச்சாகும் கணிப்பு புதன்கிழமை எடுத்ததாக இருக்கலாம், வெள்ளிக்கிழமை நடந்த ராஜினாமாவின் பாதிப்பு அதில் இருக்காது. மாற்றத்தைச் சொன்னால் அதே நிறுவனத்தின் முந்தைய கணிப்போடு மட்டும் ஒப்பிடுங்கள். 'தெரியாது' என்பவர்களை ஒருவர் விலக்குகிறார், இன்னொருவர் அவர்களின் பழைய வாக்கைப் பார்த்துப் பங்கிடுகிறார். நிறுவனம் மாறினாலே சில புள்ளிகள் மாறும். கவுன்சில் உறுப்பினர்களின் முழு அட்டவணைகள் அவர்கள் தளங்களிலேயே கிடைக்கின்றன. அட்டவணை இல்லாத 'கணிப்பு' கையில் வந்தால், குறிப்பாகப் பிரசார அமைப்பு ஒன்று அனுப்பியதாக இருந்தால், அதைக் குப்பையில் போடலாம்.

கடைசியாக, கணிப்புக்குக் காசு கொடுக்கும் ஆசிரியர்களுக்கு. 2015-இல் தேர்தலுக்கு முந்தைய நாள் சர்வேஷன் என்ற நிறுவனம் எடுத்த தொலைபேசிக் கணிப்பு கன்சர்வேட்டிவ் கட்சியை 37-க்கு 31 என்று முன்னால் காட்டியது. மற்ற எல்லோரிடமிருந்தும் விலகி நிற்கிறதே என்று அந்த நிறுவனம் அதை வெளியிடாமல் வைத்துக்கொண்டது. முடிவு வந்த பிறகு அதன் தலைவரே இதைப் பகிரங்கமாகச் சொன்னார். தனித்து நிற்கும் எண்ணைக் கேலி செய்து தலைப்புப் போட்டால், அடுத்த முறை யாரும் அப்படி ஓர் எண்ணை உங்களிடம் கொண்டுவர மாட்டார்கள். ஆகவே ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: களப்பணி முடிந்த கணிப்பு, எண் எப்படி வந்தாலும், குறித்த நாளில் அட்டவணையோடு வெளியாகும்.

இப்படிக்கு,
தேர்தல் புள்ளியியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்